கோமதி போட்ட பாஸ்வேர்டு

ஜூன் 10, 2025, செவ்வாய்
வருமானச் சான்றிதழ் படிவம் திறக்கவில்லை. பிரவுசர் பழசாகிவிட்டதாம். வந்த மூன்று பேரும் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். தாராவியில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்?

ஜூன் 12, வியாழன்
ரிப்பேர்க் கடை அப்ரார் வந்து பார்த்தார். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு லினக்ஸ், வைரஸ் அவ்வளவாக அண்டாத சிஸ்டம். ஆளாளுக்குப் பென் டிரைவில் வைரஸ் கொண்டுவருகிறார்கள் என்று ஐந்து வருடத்துக்கு முன் தங்கை கோமதி போட்டது. இப்போது இரண்டு வழியாம். இருப்பதை இருந்தபடியே அப்கிரேடு செய்யலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.

"அழிச்சிட்டே போடுவோம்க்கா. அரை மணி நேரம். அப்கிரேடுன்னா பாஸ்வேர்டு கேக்கும். யாருட்ட இருக்கு?"

தெரியாது என்றேன். பொய். கோமதியிடம் இருக்கிறது. புருஷனோடு கல்யாண் ஊரில் இருக்கிறாள். பேசிப் பத்து மாதம்.

ஜூன் 13
ஃபைல்களை அப்ரார் காப்பி எடுத்துவிட்டார். அழிப்பதுதான் பாக்கி.

ஜூன் 15, ஞாயிறு
நேற்றுக் கடை பூட்டியதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா பேசிப் பார்த்தேன், தொண்டை கரகரத்தது. வடாலாவில் இந்த ஒற்றை அறையில் இருவரும் இருந்தபோது ஞாயிறு முழுக்கச் சண்டைதான். மிக்சிக்கு, ஃபேனுக்கு, ஜன்னலுக்கு. அதுவும் பேச்சுதானே?

லேமினேஷன் போட வந்த வேல்ராஜைக் கட்டிக்கொள்ளப்போவதாக அவள் சொன்னபோது, அவர் காதுபடவே, "நாப்பத்தோரு வயசுல மாலை கேக்குதோ?" என்றேன். எனக்கு நாற்பத்தாறு. தனியாக விட்டுவிட்டுப் போகிறாளே என்று பயம். அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் இதுதான் வந்தது.

ஜூன் 18, புதன்
அப்ரார் பென் டிரைவைச் செருகினார். டிஸ்கை அழிக்கவா என்று திரை கேட்டது. நான் மவுஸைப் பிடுங்கினேன். காரணம் கேட்டார். என்னத்தைச் சொல்ல? புதிதாகப் போட்டுவிட்டால் அவளைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

மத்தியானம் அவளுக்கு அனுப்பினேன்: "பாஸ்வேர்டு வேணும்." நல்லா இருக்கியா என்று ஒரு வரி சேர்த்தால் கை தேய்ந்தா போகும்? ச்சே, என்ன ஜென்மமோ நான்.

ஜூன் 19
பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 20, வெள்ளி
போன் வந்தது. "போன்ல சொன்னா நீ தப்புத்தப்பா அடிப்ப. ஞாயித்துக்கெழம வாரேன்." வைத்துவிட்டாள். நாள் முழுக்க டைப் அடித்தே பிழைக்கிறவள் நான். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு
வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நேரே திரையைப் பார்த்தாள். ஒரேயடியாகத் தாண்ட விடாதாம் — உபுண்டு வெர்ஷன் இருபதிலிருந்து இருபத்திரண்டு, அப்புறம்தான் இருபத்துநான்கு. நெட் நொண்டியடித்தது. முதல் படிக்கே நான்கு மணி நேரம். நடுவில் இரண்டு டீ. பேச்சு முழுக்கப் பிரிண்டரைப் பற்றி. மீதி அடுத்த வாரம்.

ஜூன் 29, ஞாயிறு
முடிந்தது. படிவம் திறக்கிறது. பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்து, இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவள் பையை எடுத்துவிட்டாள்.

"கோமதி, அன்னைக்கி நான் சொன்னது தப்பு. நீ போயிருவியேன்னுதான்…"

"தெரியும்க்கா. அவருட்டயும் சொல்லணும்."

ரயிலுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 2
பாஸ்வேர்டு வேலை செய்கிறது. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு
அறைக் கதவைத் தட்டினார்கள். கோமதி. பின்னால் மீன் பையோடு வேல்ராஜ். தப்பென்று அவரிடமும் சொன்னேன், தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மீனு கெட்டுரும் மைனி. மொதல்ல கொழம்ப வைங்க" என்றார்.

என்னை யாரும் மைனி என்று முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்தபோது மணி நான்கு. கம்ப்யூட்டரைப் பார்க்கக் கடைச் சாவியை யாரும் கேட்கவில்லை.