அவிழ்க்காத தொட்டில்கள்

வெள்ளி, இரவு.

செல்வி கடைசியில் தொட்டில் கட்டுவாள் என்று காலையிலேயே சொன்னேன். என் கணிப்பு தவறாது. அவள் என் அக்கா மகள்; கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. மெட்ரோவில் இறங்கி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவளை எண்ணூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வேப்பமரம் முழுக்க வலைத்துண்டுத் தொட்டில்கள், நிலக்கரித் தூசியில் கறுத்துக் கிடந்தன. பிள்ளை பிறந்தால் வந்து அவிழ்க்க வேண்டும்.

"இன்னா மாமா, ஒருத்தரும் அவுக்கல போல கீது?" கையிலிருந்த தொட்டிலைக் கட்டாமல் நின்றாள்.

"காசிமேட்டுல மீன் விக்கிறவ ஒருத்தி போன மாசம்தான் அவுத்தா. என் கண்ணால பாத்தேன். ரெட்டப் புள்ள!"

நான் பேசினால் கல்லும் கரையும். சிரித்துக்கொண்டே கட்டினாள்.

இப்போது போன் செய்தாள். "நாளைக்கு அந்தப் புள்ளைங்கள ஒரு தபா தூக்கிப் பாக்கணும் மாமா. இட்டுகினு போ."

சரி என்றுவிட்டேன். காசிமேட்டில் அப்படி ஒருத்தி இல்லை.