நாலு குமிழ்

மார்ச் 3

முதல் ஒத்திகை. டயர் கிடங்குக்கு மேலே நீளமான ஒரு அறை. ரப்பர் வாசனை, ஜன்னல்களில் பழைய போர்வைகள். நாலு பெரிய ராக் குழுக்களிலிருந்து ஆளுக்கு ஒருவர்: பாட்டுக்காரி, கிட்டாரில் 'மின்னல்', டிரம்ஸில் 'இடி' (ரெண்டும் ரசிகர்கள் வைத்த பேர்), பேஸ் கிட்டாரோடு நான். 'நட்சத்திரக் கூட்டணி' என்று பேப்பரில் போட்டாச்சு. ஒரு உறையில் ரெண்டு கத்தியே நிற்காது, இங்கே நாலு.

அண்ணனின் குழுவை விட்டுப் போகிறேன் என்று நேற்றுதான் அவனிடம் சொன்னேன். பதினோரு வருஷம் அவன் பக்கத்தில் நின்று வாசித்தவன் நான். "போடா. அது உருப்படலைன்னா இங்க வந்து நிக்காத" என்றான். உருப்படணும். உருப்பட்டே தீரணும்.

மார்ச் 19

ரெண்டு வாரமாக ஒரே சண்டை. "என் சத்தம் கேக்கல." எல்லாருக்கும் இதே பாட்டுதான். மின்னல் சத்தத்தை ஏற்றினால் இடி ஓங்கி அடிக்கிறான். பாட்டுக்காரி மைக்கைப் போட்டுவிட்டு வெளியே போகிறாள். இன்று சவுண்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சத்தத்தை ஏற்றி இறக்க நாலு குமிழ், ஆளுக்கு ஒன்று. "அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்களே வச்சுக்கங்க. என்னை ஆளை விடுங்க."

மூவரும் வலப்பக்கம் திருகினார்கள். "ஆங், இப்பதான் கேக்குது!" அத்தோடு சண்டை ஓய்ந்தது, அதிசயம்தான். பாட்டின் கடைசியில் பாட்டுக்காரி குரலைத் தணித்துப் பாடும் ஒரு வரி உண்டு. அங்கே நான் என்னுடையதை இடப்பக்கம் திருகிக் குறைத்தேன். அறை லேசானது. பாடுவதற்கு முன் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

ஜூன் 8

மைதானம். தூறல். கடைசி வரிசை மங்கலில் கரைந்திருந்தது. கூட்டம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பெட்டி இல்லாமல் நாங்கள் எந்த மேடையும் ஏறுவதில்லை. அந்த வரி வந்ததும் குனிந்து திருகினேன். அவள் மூச்சை இழுத்தாள். அத்தனை ஜனமும் அவளோடு சேர்ந்து இழுத்த மாதிரி இருந்தது. அப்போது காலுக்குக் கீழே மேடை இருந்ததா? ஞாபகமில்லை.

ஜூன் 9

இன்னும் தரைக்கு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதும் அதே மெட்டு.

ஆகஸ்ட் 2

பெட்டியின் பின்தகடு கழன்றிருந்தது. மாட்டலாமென்று குனிந்தேன். மின்னலின் குமிழிலிருந்து வந்த கம்பி எங்கேயும் போகவில்லை, அந்தரத்தில் தொங்கியது. இடியுடையதும் அப்படித்தான். மிச்சத்தைப் பார்க்க மனசு வரவில்லை. மூடிவிட்டேன்.

சவுண்டுக்காரர் பார்த்துவிட்டார். "கேக்குதுன்னு நெனச்சா கேக்கும். வாயத் தொறந்துடாத, தம்பி."

அப்போ அந்த மூச்சு? நானா நெனச்சுக்கிட்டதா? ச்சே.

ஆகஸ்ட் 3

இன்றும் நாலு பேரும் திருகினோம்.

அக்டோபர் 11

கெடுத்துட்டேன். எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்.

ரெண்டாவது ஆல்பத்தில் யாருடைய பாட்டு முதலில் என்று மத்தியானம் பேச்சு. நடுவில் நான் ஏதோ சொல்லப்போக, பாட்டுக்காரி, "நீ சும்மா இரு. நீ வாசிக்கறது யாருக்குக் கேக்குது?" என்றாள். சுருக்கென்றது. "உங்களுக்கு மட்டும் என்ன கேட்டுச்சாம்? அது வெறும் டப்பா! ஒரு குமிழும் எங்கயும் போகல!"

இடி முதலில் சிரித்தான். பிறகு சவுண்டுக்காரரின் முகத்தைப் பார்த்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், யாரும் விடவில்லை. ஏமாந்த கோபம் என்றால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஏழு மாசமா "இப்பதான் கேக்குது"ன்னு தலையாட்டின வெட்கம் - அதை வச்சுக்கிட்டு ஒருத்தர் முகத்துல ஒருத்தர் எப்படி முழிக்கறது? மின்னல் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, ரெண்டு கொக்கியையும் மெதுவாகப் பூட்டினான்.

அக்டோபர் 15

பேப்பரில் 'கருத்து வேறுபாடு' என்று போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 20

அறையைக் காலி செய்ய நானும் சவுண்டுக்காரரும் மட்டும் போனோம். போர்வைகளைக் கழற்றியதும் அறை முழுக்க வெயில். இத்தனை நாள் இது வெளியேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

பெட்டியை என் கையில் கொடுத்தார். "மூணுதான் பொய், தம்பி. உன்னோடது நிஜம்."

"எனக்கு மட்டும் எதுக்கு?"

"நாலையும் பொய்யாத்தான் செஞ்சேன். முதல் நாளே நீ குறைச்சுத் திருகின. குறைக்கத் திருகற ஆளை நான் பார்த்ததே இல்ல. அன்னிக்கு உன் கையைப் பார்த்து நானே என் சவுண்டு மிக்ஸர்ல உன் சத்தத்தை இறக்கிவிட்டேன். மறுநாளே கம்பியை இணைச்சுட்டேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த மூச்சு நிஜமாகவே கேட்டிருக்கிறது. இதைப் பாட்டுக்காரியிடம் சொல்ல ரெண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜனவரி 28

அண்ணனின் ஒத்திகை அறைக் கதவைத் தட்டினேன். மேலும் கீழும் பார்த்தான்.

"உருப்பட்டுச்சா?"

"இல்லண்ணா."

வழியை விட்டு நகர்ந்தான். என் பழைய இடத்தில் நின்று வாசித்தேன். மூணாவது பாட்டில் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினான்.

"என்னடா முணுமுணுக்கற? உன்னோடது கேக்கவே இல்ல. ஏத்து."

ஏத்தினேன்.