ஒற்றைப் புல்

அன்புள்ள அப்பாவுக்கு, கவின் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் தம்பி கிருபா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான், அதனால்தான் கடிதம்.

இந்த நியூசிலாந்து மாட்டுப்பண்ணையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வகைப் புல். வேறு எது முளைத்தாலும் முதலாளி களைக்கொல்லி அடித்துவிடுவார். மழை இல்லாத இந்தக் கோடையில் அத்தனையும் சருகாகிவிட்டது. மருந்து எட்டாத ஓடைக்கரையில் மட்டும் பலவகைப் பூண்டும் கொடியும் பச்சையாக நின்றன. கேட்டைத் திறந்ததும் மாடுகள் என்னைத் தள்ளிவிட்டு அங்கே ஓடின. காலில் சின்ன மிதிதான், கட்டுப் போட்டாயிற்று. முதலாளி வாயைப் பிளந்து நின்றார். ஒன்று ஆழமாக வேர்விடும், இன்னொன்று மேலாகப் பரவும், ஒன்று வாடினால் மற்றது தாங்கும் என்பது அந்த மண்டைக்கு ஏறவில்லை.

உங்கள் சின்ன மகனுக்கும் அதே மண்டைதான். மழையை மட்டும் நம்பிய நம் கொறங்காட்டு மேய்ச்சலில் கொழுக்கட்டைப்புல் தானாக வருகிறது. ஆட்டுப் புழுக்கையிலிருந்தே வெள்வேல மரம் முளைக்கிறது. அந்தக் காட்டை உழுது ஒரே தீவனப்புல் போடுகிறானாம். நீங்களும், "படிச்ச பையன் கண்ணு, செஞ்சுபோட்டுப் போறான்" என்கிறீர்கள். என்னத்தைப் படித்தான்? யூடியூப்பில் இரண்டு வீடியோ பார்த்தான்.

சுற்றியுள்ள கிளுவை உயிர்வேலியையும் அவன் பிடுங்கியிருந்தால், அதன் கிளைகளை வெட்டி அடுத்த மழைக்கு நட்டுவிடுங்கள். பிடுங்கவில்லையென்றால், ஒரு காலையில் போனை அதில் மாட்டி, மாட்டுமணியும் குருவிச் சத்தமும் பதிவுசெய்து அனுப்புங்கள். இங்கே மேய்ச்சலில் ஒரு சத்தமும் கிடையாது.

பால் கறக்கக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பதிவில் கிருபாவின் குரல் விழுந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் அனுப்புங்கள்.

கவின்