தண்ணீர் மாற்றினீர்களா

புத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் யஸ்வந்துக்கு அப்பா வேங்கடாசலம் எழுதுவது. திருமலையான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று ராமகுப்பத்துச் சண்முகம் சொன்னான். கம்போடியாவில் அதே கட்டடத்தில் உன்னோடு அடைபட்டுக் கிடந்து தப்பி வந்தவன், அவன் சொன்னால் நம்பலாம்.

கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம் ஊர் ஜனங்களுக்கே போன் போட்டு ஏமாற்ற வைக்கிறார்களாமே. மாட்டேன் என்றால் அடியாம். சண்முகத்தின் முதுகைப் பார்த்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உள்ளே இருக்கும் ஒருவனுக்கு அனுப்புகிறேன் என்றான். டைப் அடித்து வருகிற எதையும் அங்கே யாரும் நம்புவதில்லையாம். என் கோழிக்கிறுக்கலை நீ நம்புவாய்.

உன் ரோமானியக் காசுகள் பத்திரம். ஒரு பிரியாணி விலைக்கு ஆயிரத்து அறுநூறு வருஷத்து வெண்கலக் காசா, எவனோ உனக்கு மண்ணாங்கட்டியை விற்றிருக்கிறான் என்று கிண்டல் செய்தேனே. ஒட்டிய மண் இளகட்டும் என்று டப்பாவில் ஊறப்போட்டு, வாராவாரம் தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டுப் போனாய். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி மாற்றிக்கொண்டுதான் வருகிறேன். போன மாதம் ஒரு காசில் மண் விட்டு, ஒரு ராஜாவின் மூக்கும் தாடையும் தெரிந்தன. பின்பக்கம் கொடிக்கம்பமும் இரண்டு சிப்பாய்களும். நீ முதலில் பார்க்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேனே என்றிருந்தது.

அந்தக் காசைத்தான் அம்மா எடுத்துவிட்டாள். நீ திரும்பி வர ஏழுமலையானை வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்க, உன் கைபட்ட காசுதான் வேண்டும் என்றிருக்கிறாள். கறுப்பாக இருப்பதைச் சாமிக்கு எப்படி முடிவது என்று, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். காசு பளபளவென்று ஆனது. மூக்கும் இல்லை, தாடையும் இல்லை. “மொகமே பூடுச்சே” என்று அன்று முழுக்க அழுதாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கெட்ட சகுனம் என்று நினைத்துச் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

அதிலிருந்து தெரியாத நம்பர் எது வந்தாலும் அவள்தான் எடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை, பேங்கிலிருந்து பேசுவதாக ஒரு பையன் கூப்பிட்டு ஓடிபி கேட்டான். பாதி தமிழ், பாதி தெலுங்கு, நம் பக்கத்துப் பேச்சு. இவள் அவனிடம், “துன்னியாப்பா? அடிக்கிறாங்களா?” என்று கேட்டாள். அவன் ஓடிபியை மறுபடி கேட்காமலே வைத்துவிட்டான். அது நீ இல்லை, உன் குரல் எங்களுக்குத் தெரியாதா. அவளும் அப்படித்தான் சொல்கிறாள். ஆனாலும் போனை மடியிலேயே வைத்திருக்கிறாள்.

உன்னை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருக்கிறேன். அதுவரை நீ அடி வாங்காதே. அவர்கள் சொல்வதைச் செய், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன்னிடம் கொடுக்கும் நம்பர்களோடு நம் வீட்டு நம்பரையும் எப்படியாவது சேர்த்துக்கொள். பக்கத்தில் ஆள் நிற்பான், பேங்கிலிருந்து பேசுவதாகவே பேசு. பெயர் சொல்ல வேண்டாம். நடுவில், தண்ணீர் மாற்றினீர்களா என்று மட்டும் கேள். நாங்கள் அழ மாட்டோம். மாற்றிவிட்டோம் சார் என்று சொல்லிவிட்டு, நீ கேட்கிற நம்பரையெல்லாம் கொடுக்கிறோம்.

தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
வேங்கடாசலம்