வாய்க்கால் ஓரத்துப் புல்

படாளம்
12.10.2003

அன்பு மகள் ரெஜினாவுக்கு அம்மா செங்கம்மாள் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் ஒரு தப்புக் காரியம் பண்ணிவிட்டேன், அப்பா சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அப்பா ஊரார் வயலுக்கெல்லாம் பூச்சி மருந்தடித்து மூச்சு முட்டி விழுந்தபோது, நீதானே அந்தத் தொண்டு நிறுவனத்து ஹரிப்ரியாவின் திட்டத்தில் நம் ஒரு ஏக்கரைச் சேர்க்கச் சொன்னாய். வயலுக்கு மருந்தே அடிக்கக் கூடாது, வாய்க்கால் ஓரமாக எட்டடி அகலத்துக்கு உழாமல் நடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும், அங்கே புல்லும் பூண்டும் மண்டினால் நெல்லைக் கருக்குகிற புகையான் பூச்சியைத் தின்கிற சிலந்தியும் பொறிவண்டும் வந்து தங்கும், அதனால் நமக்குக் குறைகிற நெல்லுக்கு ஈடாகப் போகத்துக்குப் போகம் அவர்கள் பணம் தருவார்கள். அந்தப் பணம் வந்ததால்தான் அப்பா கூலிக்கு மருந்தடிப்பதை விட்டு முதுகில் மாட்டுகிற மருந்து டாங்கியைப் பரணில் ஏற்றினார்.

ஆனால் நான் பத்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் களை பறித்தவள். சொந்த நிலத்தில் கோரை இடுப்பு உயரம் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னோடு களை பறித்த கல்யாணி வேறு போகிற போக்கில், நெலம் வாங்கிக்கினா போதுமா, களை எடுக்கத் தெரிய வாணாமா என்று சொல்லிவிட்டுப் போனாள். போன வாரம் நிலத்தைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், வெளியூர்க்காரர்கள் வரும்போது இந்தக் கோலத்திலா இருப்பது என்று, அப்பா மதுராந்தகம் போயிருந்த ஒரு பகலில் எட்டடியையும் வேரோடு பிடுங்கி, வரப்புக்கு மண் அணைத்து வைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் ஹரிப்ரியா இரண்டு பேரோடு வந்து நின்றாள். நம்ம புல்லு எங்க ஆன்ட்டி என்று கேட்டாள். நீங்க வரீங்கன்னுதாம்மா சுத்தம் பண்ணேன் என்றேன். கூட வந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இந்தப் போகத்துக்குப் பணம் கிடையாது, அடுத்த தடவை வரும்போது புல் வளர்ந்திருந்தால் தொடரும், இல்லையென்றால் திட்டத்திலிருந்து நம் பெயரை எடுத்துவிடுவார்களாம். அப்பா வந்து பார்த்து, இன்னாமே, மொட்டை அடிச்சா மாதிரி கீது என்று சிரித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாள் காலையில் காசிநாதன் வயலுக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டாரென்று டாங்கியைக் கீழே இறக்கினார். ரெண்டு நாள் வேலதானமே என்றார்.

அதனால் இப்போது நான் தாமோதரன் வயலுக்குக் களை பறிக்கப் போகிறேன். உன் அம்மா இனி யார் வயலிலும் கூலிக்குக் குனியக் கூடாது என்றுதான் நீ அந்த நிலத்தை வாங்கித் தந்தாய், எனக்கு அது மறக்கவில்லை கண்ணு. விட்டுப்போன பணத்தை நான் சம்பாதித்து வைத்தால் மருந்தடிக்கப் போக அவருக்குச் சாக்கு இருக்காது. பிரசவத்துக்குச் சேர்த்ததில் கைவைத்து எதுவும் அனுப்பாதே, நான் கெடுத்ததை நானே சரிபண்ணுகிறேன். பகலெல்லாம் அங்கே பிடுங்கிவிட்டு, சாயங்காலம் நம் வாய்க்கால் ஓரமாக வரும்போது முளைத்திருக்கும் கோரையைப் பார்த்துக்கொண்டே கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். அந்த இருபது தப்படிதான் எனக்கு நாள் முழுக்கச் செய்கிற வேலையைவிடக் கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பா ஒரு பாட்டை முழுசாக, நடுவில் இருமாமல் பாடி முடித்தார். எனக்கு ஜெபத்தில் மனசே நிற்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இரும்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, டியூட்டியில் நின்றுகொண்டே இருக்காதே, மாப்பிள்ளையை வெந்நீர் வைத்துத் தரச் சொல், வெட்கப்படாதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும். கடைசியாக ஒன்று, அப்பாவிடம் வாய் திறக்காதே. அந்த டாங்கியின் பீச்சுக் குழாயைக் கழற்றிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டேன். மூன்று நாளாக வீடு முழுக்கத் தேடுகிறார். நானும் கூடவே தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
தே. செங்கம்மாள்