பதினான்காம் எண் ரத்தம்

பாப்பா என்று கூப்பிட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன என் முருகையண்ணனுக்கு,

நீ போய் ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகிறது. நான்கு மாதமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிய ஒன்றைப் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் தங்கச்சி என்ன படிக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம், கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்தாய். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவன் நீ. உன்னைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மருந்து இல்லை அண்ணே. நம் உடம்பின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி அவற்றுக்குள் இருக்கும். வாங்கிய செல் அதன்படி மாறிக்கொள்ளும். காயம் ஆறுவதற்கும் இந்தப் பைகள் உதவுகின்றன. கணையத்தில் வரும் புற்றுநோயும் இதே பைகளை ஈரலுக்கு முன்கூட்டியே அனுப்பி, தான் வந்து இறங்க இடம் பண்ணிக்கொள்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்து நோயை முன்னதாகக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று போனில் புலம்பினேன். மறுநாளே குத்தாலத்தில் பஸ் ஏறி வந்துவிட்டாய். எதற்கு ரத்தம் என்று கேட்டதற்கு, சேதி சுமக்கும் அந்தப் பைகளைப் பற்றி மட்டும் இரண்டு வரி சொன்னேன். நர்ஸ் ஊசியை எடுக்கும்போது, "அந்தப் பையில நல்ல சேதி இருக்குமா, கெட்ட சேதியா?" என்று கேட்டாய். ரெண்டும்தான் என்றேன். சிரித்தாய். நீட்டிய சம்மதப் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். நானும் படித்துச் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்து வைக்கும் சோதனைக் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்ற பட்டியல் பேராசிரியரின் அலமாரியில் பூட்டியிருக்கும். நோயில்லாதவர் வரிசையில் பதினான்காம் எண் ஒத்துவரவில்லை. நோயாளிகளின் பைகளில் நாங்கள் தேடும் புரதம் அதில் நிறைய இருந்தது. அந்த வாரம் எங்கள் ஃப்ரீசர் ஒருநாள் பழுதாகிக் கிடந்தது. அதில் கெட்டிருக்கும், விட்டுவிட்டு வேறொருவரிடம் எடுங்கள் என்றார் பேராசிரியர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. 'நீக்கப்பட்டது' என்று என் கையால்தான் எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து உன் கண் மஞ்சளித்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தாய். ஸ்கேன் எடுத்தபோது, கணையத்திலிருந்து ஈரல்வரை போயிருந்தது. சம்பா அறுப்பு முடியும் முன் நீயும் போய்விட்டாய்.

ஆய்வேட்டுக்கு வயது விவரம் வேண்டுமென்று நான்கு மாதத்துக்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்தோம். பதினான்கு: ஆண், நாற்பத்தாறு, குத்தாலம். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

பேராசிரியரும் கலங்கித்தான் போனார். இது இன்னும் ஆராய்ச்சிதான், உறுதியான பரிசோதனை இல்லை, ஃப்ரீசர் கோளாறாகவே இருந்திருக்கலாம் என்றார். உண்மைதான். ஆனால் இது யாருடைய ரத்தம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று உன்னைக் கூப்பிட்டிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணி உளுந்து பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் காலோடு திண்ணையில் உட்கார்ந்தார்.

"ரத்தம் குடுத்தப்பவே ஒங்கண்ணனுக்கு வயித்துவலி இருந்துச்சு தமிழு" என்றார் பிறகு. "முதுகுவரைக்கும் புடிச்சு இழுக்குதும்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். பாப்பா ரத்தம் எடுத்துப் பாத்திருக்கு, ஏதாச்சும் இருந்தா சொல்லாமயா இருக்கும்னுட்டாரு."

அண்ணே, நான் ஒன்றும் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டாயா? அந்த வலியோடுதான் மூட்டை தூக்கினாயா? ஏன் என்னிடம் கேட்கவில்லை? என் படிப்பு கெடும் என்றா?

அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து நான் திரும்பியது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

உன்னுடையதைப் போல நீக்கிய எண்கள் இன்னும் இரண்டு இருந்தன. ஒருவரைத் தேடிப் பிடித்து டாக்டரிடம் அனுப்பிவிட்டோம். திருவாரூர்க்காரர் ஒருவர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. பழைய முகவரியில் இல்லை. நாளைக்கும் போய் விசாரிக்க வேண்டும்.

வரும் ஞாயிறும் அண்ணியிடம் போவேன். பேசினாலும் பேசாவிட்டாலும் போவேன். இனி யார் கையில் ஊசி ஏறுவதற்கு முன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நானே படித்துச் சொல்வேன். இது உங்களுக்கான பரிசோதனை இல்லை, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்வேன்.

உன்னிடம் அதைச் சொல்லாத உன் தங்கச்சி,
தமிழரசி