இறங்கினால் அடுத்த பஸ்ஸில் ஏறுவேன்

என்ர ஆசை அப்பாவுக்கு,

இதை எழுத உட்கார்ந்ததில் இருந்து நாலு தரம் எழும்பிவிட்டேன். ஒருதரம் காஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க, இன்னொரு தரம் வாசல் கதவைப் பார்க்க. மற்ற இரண்டுக்கும் காரணமே இல்லை. பின்னேரத் தேத்தண்ணி ஆறிப்போய்ப் பக்கத்தில் கிடக்கிறது. உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் சொல்லவில்லை என்று நினைக்கக்கூடாது.

நீங்கள் போய் ஐந்தாம் மாதம் அது முதல்முறை வந்தது. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு வருடமாகப் போகிற அதே பஸ். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது, விரல்கள் விறைத்தன, மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. உங்கள் கடைசி நாளில் நீங்கள் கதிரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, முடிந்தது கதை என்று நினைத்தேன். கொண்டக்டர் இறக்கி ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து இன்னொரு டொக்டரும் பார்த்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது பனிக் அட்டாக், பயத்தால் வருகிற படபடப்பு என்றார்கள். அம்மா உடனே, "அப்ப வாயுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் எல்லாருக்கும் எனக்கு வாயு. நான் குடித்த ஓமத்தண்ணியில் ஒரு கிணறே நிரம்பியிருக்கும்.

அது மறுபடியும் மூன்று தரம் வந்தது. ஆனால் வந்த நாட்களைவிட, வந்துவிடுமோ என்று காத்திருந்த நாட்கள்தான் என்னைத் தின்றன. உங்கள் மருமகன் காலையில் என்னைக் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிட்டு, நேரெதிர்த் திசையில் இரத்மலானைக்கு வேலைக்கு ஓடினார். பாவம், தினமும் லேட். ஒருநாள் இடமாற்றப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நீர் ஏன் கரைச்சல்படுறீர்? வீட்டுக்குப் பக்கத்திலயே ஸ்கூல் இருக்குதானே. இந்த மாசம் முடியமுதல் குடுக்கோணுமாம். சைன் வையும்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா, அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வரவா? அதுவும் பெரிதில்லை என்று வையுங்கள். இன்றைக்கு பஸ்ஸை விட்டால் நாளைக்குச் சந்தைக்குப் போகப் பயம் வரும், அடுத்தது மாடிப்படி இறங்கப் பயம் வரும். நான் கணக்கு டீச்சர். குறைந்துகொண்டே போகிற ஒரு தொடர் எங்கே போய் முடியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவுன்சலிங்குக்குப் போனேன். கவுன்சலர் என்னைவிடப் பத்து வயது இளைய பிள்ளை, மலையகத்தில் இருந்து வந்து பம்பலப்பிட்டியில் அறை எடுத்து இருக்கிறாள். குணமாவது என்றால் உங்களுக்கு என்ன, உங்களுடைய இலக்குகளை நீங்களே எழுதிவாருங்கள் என்றாள். நான் விடுவேனா? தவணைத் திட்டம் எழுதுகிற மாதிரி ரூளர் பிடித்துக் கோடு கீறி, பத்து இலக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. பயப்படக்கூடாது. நடுங்கக்கூடாது. வேர்க்கக்கூடாது. பஸ்ஸில் இருந்து பாதியில் இறங்கக்கூடாது. ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது. இப்படியே பத்தும்.

அவள் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

"டீச்சர், இதுல உசிரோட இருக்கிற ஆள் செய்யிறது ஏதாவது இருக்கா? பயப்படாம, நடுங்காம, வேர்க்காம இருக்கிறதுக்கு செத்துப்போனவங்களாலதான் முடியும். நீங்க செய்யிறத எழுதுங்க, செய்யாம இருக்கிறத எழுதாதீங்க."

சொன்ன பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்து அவள் முகம் மாறியது. எனக்கோ சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அப்பா, நான் எழுதிய பத்தையும் நீங்கள் நூற்றுக்கு நூறு எடுத்து முடித்துவிட்டீர்கள்.

அடுத்த கிழமை ஒன்றே ஒன்று எழுதிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போவேன், தாங்காமல் இறங்கினால் அடுத்த பஸ்ஸில் ஏறுவேன்.

"இறங்கவே மாட்டேன்னு எழுதலையா?" என்றாள்.

"இறங்குவன் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

"சரி, இறங்குங்க. ஆனா வீட்டுப் பக்கம் போற பஸ்ல மட்டும் ஏறிடாதீங்க."

இதை அம்மாவிடம் சொன்னது நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்று. உங்களுக்குப் படைக்க வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"கொப்பரும் இறங்கிறவர்," என்று உங்களைச் சொன்னார்.

எனக்கு விளங்கவில்லை. கொழும்புக் கோட்டையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது நீங்கள் பம்பலப்பிட்டியிலேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வருவீர்களே. நடை உடம்புக்கு நல்லது என்று எங்களுக்கும் புத்தி சொல்லுவீர்களே. மழையிலும் நடந்தீர்கள், நாங்கள் உங்களைக் கஞ்சன் என்று பகிடி பண்ணினோம்.

"நீ வயித்தில இருக்கேக்க, ஆமி செக்பொயின்ற்றில ஒருநாள் அவரைப் பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோட்டாங்கள். ரெண்டு நாள் வரேல்ல. அதுக்குப் பிறகு பஸ்ஸில கனநேரம் இருக்கேலாது அவருக்கு, நெஞ்சு படபடக்கும். பிள்ளையளுக்குச் சொல்லாதை எண்டவர். வாயு எண்டு சொல்லுவம் எண்டதும் அவர்தான்."

அப்பா, நாற்பது வருடமாக அந்த வாயுவை வீட்டில் வளர்த்தவர் நீங்களா?

மூன்று நாள் உங்கள் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எங்களைப் பயப்படுத்தக் கூடாதென்று நினைத்தீர்களா, அல்லது வெட்கமா? ஒருதரமாவது சொல்லியிருந்தால், எனக்கு வந்த அன்றைக்கு நான் சாகிறேன் என்று நினைத்திருப்பேனா? இதுவும் எங்கள் வீட்டில் உள்ள ஒன்றுதான் என்று நினைத்து மூச்சு விட்டிருக்கமாட்டேனா? அந்த இரண்டு நாளும் உங்களுக்கு என்ன நடந்தது? அதைக் கேட்க இனி எனக்கு ஆளில்லை.

சரி, இன்றைய செய்திக்கு வருகிறேன். இன்று பஸ்ஸில் தனியாகப் போனேன். பம்பலப்பிட்டி வரை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சமாளித்தேன். கொள்ளுப்பிட்டியில் அது வந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி, பூட்டிய ஒரு கடையின் தகரக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். கை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். முதல் பஸ்ஸை விட்டேன், இரண்டாவதையும் விட்டேன். ரோட்டைக் கடந்தால் வெள்ளவத்தைக்குப் போகிற பஸ் எல்லாம் காலியாக வந்துகொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மூன்றாவது பஸ்ஸில் கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச்சொல்லி அவசரப்படுத்தினான். ஏறினேன். கொட்டாஞ்சேனை வரை அந்தப் பயம் முழுதாக விட்டுப் போகவில்லை, ஆனால் நானும் இறங்கவில்லை.

வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறியாகிவிட்டது. பிந்தி வந்து கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர்கள் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். மழையடித்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நாங்கள் எல்லாரும் 'ட்ராபிக்' என்றுதான் எழுதுவோம். பேனை அந்தச் சொல்லைத் தொடங்கியே விட்டது. வெட்டிவிட்டு, 'பஸ்ஸில் பயம் வந்தது, இறங்கி நின்று வந்தேன்' என்று எழுதினேன். அதிபர் மெடம் கண்ணாடியை ஏற்றி இரண்டுதரம் வாசித்தார்.

"நாளைக்கும் பஸ்ஸிலதானா?"

"ஓம் மெடம்."

"அப்ப உங்கட முதல் பாடத்தை ஒரு மாசத்துக்கு மாத்திவிடுறன்."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இடமாற்றப் படிவத்தை நிரப்பாமலே உங்கள் மருமகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தில் இன்னும் பயம் இருக்கிறது. இருக்கட்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொள்ளுப்பிட்டித் தகரக் கதவு உட்பட. கேட்டுவிட்டு அறைக்குள் போய், வெளியே போகக் கட்டுகிற சேலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு நானும் வாறன்."

"முழங்கால் வலியோட எங்க வரப்போறீங்கள்? நான் பாதியில இறங்கினாலும் இறங்குவன் அம்மா."

"இறங்கு. அவரோட ஒருநாளும் இறங்கேல்ல. உன்னோட இறங்கிறன்."

அப்பா, அம்மாவை நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இடையில் இறங்காமல் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று வாக்குத் தரமாட்டேன். எங்கே இறங்கினாலும் கையைப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றுவேன். அந்த வாக்குப் போதும்தானே?

இப்படிக்கு,
கோபம் இன்னும் முழுதாக ஆறாத உங்கள் மூத்த மகள்